நான் நட்சத்திரம் போட்ட இடம்

அன்புள்ள பிரபு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உன் தங்கை வித்யாவின் கல்யாணப் பத்திரிகையில், அண்ணன் என்ற இடத்தில், உன் பெயருக்குக் கீழே 'நாவலாசிரியர்' என்று போடவா, 'எழுத்தாளர்' என்று போடவா? கேட்கும்போது எனக்கு இருந்த உற்சாகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கார்டு கடைக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார், எழுத்து மாதிரியெல்லாம் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். அப்புறம் நீ சொன்னாய், "போதும் நைனா. நான் புக்கே எழுதல. விட்டுட்டேன். கடைல நம்ம கம்ப்யூட்டர்ல கீற ஃபைலையும் அழிச்சிடு." போனை வைத்துவிட்டாய். கார்டு கடைக்காரர் "இன்னா சார், இன்னா போடறது?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ கோபத்தில் கத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அம்மா நடுவில் வந்திருப்பாள், சாயங்காலம் நீ போன் பண்ணியிருப்பாய். ஆனால் நீ அதைச் சொன்ன குரல், களைத்துப்போய், மூட்டையை இறக்கி வைத்தவன் குரலாக இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். முப்பது வருஷமாக மற்றவர்கள் எழுதியதை டைப் அடித்தே விரல் பழகியவன், சொந்தமாக ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த ஃபைலை அழிக்கப் போனேன். சத்தியமாக அழிக்கத்தான் போனேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து, "எதுக்கும் ஒரு காப்பி இங்க இருக்கட்டும், ஆனா நீ தொறந்து படிக்கக் கூடாது" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து புதுப் பிரதியை ஏற்றிவிட்டுப் போவாய். நான் ஒருநாளும் திறந்ததில்லை, நம்பு. என் வாய்தான் நிற்காதே தவிர, கை சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் அழிப்பதற்கு முன்னால், என்ன அழிக்கிறோம் என்று தெரியாமல் அழிக்க எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மந்தைவெளி மார்க்கெட் பக்கம் கூட்டம் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா மூன்று முறை போன் பண்ணிவிட்டாள். நூற்று நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எனக்கு இலக்கியம் தெரியாது. ஆனால் யாருடைய எழுத்தை டைப் அடிக்கும்போது டீ ஆறிப்போகிறது என்பது தெரியும். அன்றைக்கு டீ ஆறிப்போனது.

முதல் அத்தியாயத்தையே மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறாய். மூன்றிலும் ஒரே காலனி, ஒரே மழை. ஒன்றில் மட்டும் கதையில் வருகிற அப்பா செத்தே போயிருக்கிறார், பையன் சாவுக்கு வருகிறான். உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது, வருத்தப்படாதே. கதையில் அந்த அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை இல்லை, வாட்ச் ரிப்பேர் கடை வைத்துக் கொடுத்திருக்கிறாய். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயா? கண்ணாடியை நெற்றிமேல் தூக்கி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது யார்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் மூன்றாவது நிறுத்தத்துக்குள் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிப்பது யார்? அம்மாவிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது அந்த மார்க்கு விஷயத்துக்குத்தான் போகுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆமாம் பிரபு, அங்கேதான் போகிறது. அங்கேதான் நிற்கிறது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று இந்தத் தெருவில் நெட் இருந்த கடை நம்முடையது ஒன்றுதான். காலையிலிருந்து கூட்டம். ஒவ்வொரு பிள்ளையின் நம்பரையும் வாங்கி, மார்க் ஷீட்டை எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் உன் நம்பரைப் போட்டேன். எண்ணூற்று இருபத்தாறு. நல்ல மார்க்தான். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அந்த வருஷம் மஞ்சள் காமாலையில் ஒன்றரை மாதம் படுத்த பிள்ளை எடுத்த மார்க், கூரைமேல் ஏறிக் கத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் வாசலில் இஸ்திரிக் கடைக்காரர் நின்றுகொண்டு, "நம்ம பிரபு எவ்ளோ சார்?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இருபது பேர். என் வாய், என்னைக் கேட்காமலே, "ஆயிரத்து இருபத்தாறு" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். பிரிண்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் திரையை மாற்றிவிட்டேன்.

அங்கேயே விட்டிருந்தாலும் பரவாயில்லை. பொய்யைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா, இனிப்பு வாங்கினேன். பெரிய டப்பா மைசூர்பாக். நானே கொடுத்தால் போதாதாம், உன்னையே போய்க் கொடுக்கச் சொன்னேன். "நைனா, வேணாம் நைனா" என்று சமையலறை வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "போடா, பெரியவங்க ஆசீர்வாதம் வாங்கினு வா" என்று துரத்தினேன். இஸ்திரிக் கடை, மளிகைக் கடை, மாடி வீடு, எதிர் வீடு என்று வரிசை சொல்லி அனுப்பினேன். கடைசியாகச் சாந்தோமில் ஸ்டெல்லா டீச்சர் வீடு. உன் கிளாஸ் டீச்சர். நம் வீட்டுக்கு வெளியே உன் உண்மையான மார்க் தெரிந்த ஒரே ஆள். நான் அதை யோசிக்கவே இல்லை. பீற்றிக்கொள்வதில் அவ்வளவு மும்முரம்.

நீ வீட்டுக்கு வந்தபோது டப்பா காலியாக இருந்தது. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய். டீச்சர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

உன் நாவலில் அந்தப் பையன் பன்னிரண்டு வீட்டில் இனிப்புக் கொடுக்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் வாயில் இனிப்பை வைத்துக்கொண்டு அவனைப் பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு படியாக ஏறி இறங்கும்போது அவன் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொள்கிறான். அந்த வருஷம் உன் சட்டையெல்லாம் காலர் கிழிந்து கிடந்தது. துணி சரியில்லை என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டவன் நான். கடைசியில் டீச்சர் வீட்டு வாசல். சிமென்ட் படி, பக்கத்தில் துளசி மாதிரி ஒரு செடி, கதவில் சின்னச் சிலுவை. 'அவன் அழைப்பு மணியை அழுத்தினான்.' அதோடு நிற்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஃபைலின் தேதியைப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால், உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உன் கல்யாணப் பத்திரிகை. பெயர், படிப்பு, பதவி போடுவதெல்லாம் நம் ஊர் வழக்கம், அதில் தப்பில்லை. பெண் வீட்டில் வரிசையாக எம்.டெக்., எம்.பி.ஏ. என்று போட்டிருந்தார்கள். எனக்கு உன் பி.இ. மட்டும் போதவில்லை. உன் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'நாவலாசிரியர்' என்று சேர்த்தேன். உன்னிடம் காட்டவில்லை. ஐந்நூறு பத்திரிகை அடித்து வந்த பிறகுதான் நீ பார்த்தாய். மறுபடியும் உறைக்குள் வைத்துவிட்டுப் போனாய். ரிசப்ஷனில் மேடையேறி வந்தவர்களெல்லாம் கையைக் குலுக்கி, "நாவல் பேரு இன்னா தம்பி? எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்கள். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை எவ்வளவு அழகாகப் பேசுகிறான் என்று பூரித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் உன் கையில் ஒரு மைசூர்பாக் டப்பாவைக் கொடுத்து மேடையில் நிறுத்தியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குப் பிறகு நீ திருவான்மியூரிலிருந்து வரும்போதெல்லாம் மார்க்கெட் வழியாக வராமல் பின்சந்து வழியாக வருவதைப் பார்த்து, டிராஃபிக் காரணம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெருவில் எல்லோரும் "புக்கு வந்துச்சா?" என்று உன்னைக் கேட்பார்கள் என்பதுதான் காரணம். கேட்க வைத்தவன் நான். என்னை மன்னித்துவிடு, ராஜா.

ஏன் இப்படி இருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். என் அப்பா என்னைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் ஊரெல்லாம் சொல்லுவேன் என்று அப்போதே முடிவு பண்ணியிருந்தேன். அளவு தெரியவில்லை. இது சாக்கு இல்லை, காரணம் மட்டும்.

சரி, இப்போது தொழில் பேசலாம். நீ புத்தகத்தை விட்டுவிட்டேன் என்கிறாய். நான் எழுதியவன் இல்லை, ஆனால் எழுதி முடித்தவர்களையும் முடிக்காதவர்களையும் நம் கடையின் ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு வக்கீல் வருவாரே, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் தோல் பை, உனக்கு நினைவிருக்கும். ரிட்டயர் ஆனதும் சுயசரிதை எழுத ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்தை என்னிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். பிரமாதமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துத் திருத்திக்கொண்டு வந்தார். அதுவும் பிரமாதம். நாலு வருஷத்தில் அதே அத்தியாயத்தைப் பதினோரு தடவை அடித்தேன். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று இன்னும் என் கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கிறது. அவர் பிறந்து, பள்ளிக்கூடத்தில் சேரும் இடத்தோடு அது முடிகிறது. நாற்பது வருஷம் கோர்ட்டில் அவர் என்ன பார்த்தார் என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. ஏழாவது தடவைக்குப் பிறகு பழையதைவிட நன்றாகவும் ஆகவில்லை, வேறாக ஆனது, அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கஸ்டமரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல எனக்கு என்ன கூச்சம்? உன் மூன்று முதல் அத்தியாயங்களில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள். எது என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டுக்கூட முடிவு செய். கடைசி அத்தியாயம் எழுதாதவனுக்கு எந்த முதல் அத்தியாயம் சரி என்று தெரியாது.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பிஎச்.டி. பிள்ளைகளில் சிலர் வந்ததும் வராததுமாக நன்றியுரையைத்தான் முதலில் அடிக்கச் சொல்வார்கள். கைடுக்கு நன்றி, மாமியாருக்கு நன்றி, எல்லாம் தங்க எழுத்தில். அவர்களில் முடித்தவர்கள் யாரும் என் நினைவில் இல்லை. முடித்த சுகத்தை முன்னாலேயே அனுபவித்துவிடுகிறார்கள், அப்புறம் உட்கார்ந்து உழைக்க எதுவும் மிச்சம் இருப்பதில்லை. உனக்கு அந்தச் சுகத்தை நீ கேட்காமலே நான் கொடுத்துவிட்டேன், அதுவும் ஐந்நூறு பிரதி அடித்து. அதனால் இனி யாரிடமும் புத்தகத்தைப் பற்றிப் பேசாதே. என்னிடமும் பேசாதே. நானும் கேட்கமாட்டேன். அம்மா சாட்சி.

முடித்தவர்கள் என்றால் ஸ்டெல்லா டீச்சர்தான். ரிட்டயர் ஆன பிறகு, தன் குடும்பம் சாந்தோம் கோயில் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கதையை எழுதினார். இரண்டு வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு நாலு பக்கம். மழை என்றாலும் நாலு பக்கம், கண் ஆபரேஷன் நடந்த வாரமும் நாலு பக்கம், பெரிய பெரிய எழுத்தில். சில நாலு பக்கம் சுமார்தான், அவருக்கே தெரியும். "இந்த வாரம் சொதப்பிட்டேன் சார், கண்டுக்காதீங்க, அடிங்க" என்பார். அடித்த பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார். "அத நான் பாத்தா அங்கயே ஒக்காந்துடுவேன் சார். முடிஞ்சதும் மொத்தமா குடுங்க." கடைசியில் மொத்தமாகக் கொடுத்தேன், நாலு மாதம் திருத்தினார், புத்தகம் வந்துவிட்டது. நான் கற்றுக்கொண்டது அந்தச் சனிக்கிழமைகளில்தான். அந்த இரண்டு வருஷத்தில் ஒருநாள், அவர் எதிரிலேயே வேறு ஒரு கஸ்டமரிடம், "நம்ம பையன் பிளஸ் டூவுல ஆயிரத்து இருபத்தாறு" என்று சொன்னேன். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு தன் பக்கங்களை எண்ண ஆரம்பித்தார். நாலு பக்கத்தை எவ்வளவு நேரம் எண்ண முடியும்? எண்ணிக்கொண்டே இருந்தார்.

எனக்கென்று ஒரு வேலை முறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் பிரதியில் ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் நான் நிறுத்த மாட்டேன். ஊகித்து எதையாவது போடவும் மாட்டேன். அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு மேலே போய்விடுவேன். கடைசிப் பக்கம் அடித்து முடித்த பிறகு, எழுதியவரை உட்கார வைத்து, எல்லா நட்சத்திரத்தையும் ஒன்றாகக் கேட்பேன். வேடிக்கை என்னவென்றால், முப்பது நட்சத்திரம் போட்டிருந்தால், முடிவதற்குள் இருபது தானாகப் புரிந்துவிடும். பின்னால் வருகிற பக்கம் முன்னால் இருக்கிற வார்த்தையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றிருந்தால் நான் வருஷத்துக்கு ஒரு புத்தகம்கூட அடித்திருக்க முடியாது. நீயும் அப்படிச் செய். வராத வரியில் நட்சத்திரம் போடு. வராத காட்சியில் போடு. போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடு. உன் ஆபீசில் மத்தியானம் எல்லோரும் கேன்டீனில் இருக்கும் அரைமணி நேரம் போதும். அம்மாவிடம் வேறு ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு அவன் நல்லா எழுதணும்? மொதல்ல கண்டபடி எழுதி முடிக்கச் சொல்லு. நான் மட்டும் மொத தோசையையா உங்களுக்குப் போடறேன்?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முதல் தோசைதான் வருகிறது என்று நினைக்கிறேன், ஆனால் அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று. அந்த வாட்ச் கடைக்காரரை இன்னும் மோசமாக எழுது. பயப்படாதே. நீ எங்கெல்லாம் அவர்மேல் இரக்கப்பட்டு, 'பாவம், அவருக்கும் ஆசைதானே' என்று பூசி மெழுகுகிறாயோ, அங்கெல்லாம் எழுத்து நொண்டுகிறது. டைப் அடிக்கிறவனுக்குத் தெரியும், விரல் சலித்துப்போகும். அவர் அந்தப் பையனைத் துரத்துகிற இடத்தில் மட்டும் வரிகள் பறக்கின்றன. என்னைக் காப்பாற்றத்தான் நீ அந்த வாசலில் நிற்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவு திறந்தால் என் பொய் வெளியே வந்துவிடும், தெருவில் எல்லோரும் படிப்பார்கள், நைனா தலை குனிய வேண்டியிருக்கும் என்று. தப்பாக இருந்தால் திட்டு.

அதனால் ஒரு காரியம் செய்தேன். பொய் என்னுடையது, அதைத் திருப்பி வாங்குகிற உரிமையும் எனக்குத்தான் என்று நினைத்து, போன வாரம் இஸ்திரிக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது பொய். பையன் எடுத்தது எண்ணூத்தி இருவத்தாறு." அவர் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "அத வுடு சார், எம் பையன் பெயிலு. நானும் பாஸுன்னுதான் சொல்லிக்கினு கீறேன்" என்றார். பதினெட்டு வருஷம் நான் நெஞ்சில் வைத்திருந்தது அவருக்கு ஒரு சட்டை மடிக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. மளிகைக் கடையிலும் சொன்னேன். மாடி வீட்டில் சொன்னேன். யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. மாடி வீட்டு அம்மா மட்டும், "மைசூர்பாக் நல்லா இருந்துச்சு, எந்தக் கடை?" என்று கேட்டார்.

அப்புறம் சாந்தோம். பஸ்ஸில் போய் இறங்கி, நீ எழுதியிருக்கிற அதே சிமென்ட் படியில் ஏறி, அதே மணியை அழுத்தினேன். அறுபத்தாறு வயதில், கையில் எதுவும் இல்லாமல் நின்ற எனக்கே படியிறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது, பிரபு. பதினேழு வயதில், கையில் டப்பாவோடு நீ எப்படி நின்றாயோ. டீச்சர் கதவைத் திறந்தார். உட்கார வைத்து மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார், கோபமே இல்லாமல். மோர்ச் சொம்பை மேஜைமேல் வைத்துவிட்டு, "அன்னிக்கு உங்க பையன் இங்க வந்து நின்னான் பாருங்க சார்…" என்று ஆரம்பித்தார்.

எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா, அதைக் கேட்க? நீ உள்ளே போனாயா, வாசலோடு திரும்பினாயா? அழுதாயா? டீச்சர் அந்த மைசூர்பாக்கை எடுத்தாரா? டப்பா எப்படிக் காலியானது? பதினெட்டு வருஷமாக நான் கேட்காத கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் வந்திருக்கும். நான் கையைத் தூக்கி, "வேணாம் டீச்சர். சொல்லாதீங்க. அவன் எழுதட்டும்" என்றேன். வாயை அடக்கத் தெரியாத உன் நைனா, காதை அடக்கினான். டீச்சர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினார். அதைக் குடித்துவிட்டு எழுந்தேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நம் குடியிருப்போர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். செயலாளர் வந்து, "எழுத்தாளர் மகனை வளர்த்த அனுபவம்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். பழைய நானாக இருந்தால் இருபது பக்கம் கொடுத்திருப்பேன். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஊரெல்லாம் பீற்றியவன் ஊரறிய மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம். ஆனால் இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் அச்சில் போகாது. முதல் பிரதி உனக்கு. நீ வேண்டாம் என்றால் இது உன்னோடு முடிந்தது, நான் அவர்களுக்குக் கொசு ஒழிப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

வித்யா கல்யாணப் பத்திரிகை நேற்று அடித்து வந்துவிட்டது. உன் பெயரை மட்டும்தான் போட்டிருக்கிறேன். கீழே ஒன்றும் இல்லை, பி.இ.கூட இல்லை. கார்டு கடைக்காரர் "வெறும் பேரு மொட்டையா கீதே சார்" என்றார். புத்தக அட்டையில் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன்.

உன் ஃபைலை அழிக்கவில்லை. நீ சொன்னதை மீறியதற்காகத் திட்டு. இன்னொன்றையும் மீறியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு எழுத்தை அடித்திருக்கிறேன். 'அவன் அழைப்பு மணியை அழுத்தினான்' என்ற வரிக்குக் கீழே, ஒரு நட்சத்திரம். என் கடையில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இந்த இடம் எனக்குப் புரியவில்லை, எழுதியவர்தான் வந்து சொல்ல வேண்டும்.

அவசரமில்லை. முதலில் மற்றப் பக்கங்களை முடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு இதற்கு வா. போனில் சொல்லாதே. எழுது. நான் அனுப்பிய பிள்ளை அந்த வாசலிலிருந்து எப்படித் திரும்பி வந்தான் என்று நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்
நைனா